ஆறு கரண்டி குளுக்கோஸ்

என் சின்ன மாமாவுக்குக் கால் வராமல் போன காலைகளில் எல்லாம் எங்கள் வீட்டில் முதலில் நடந்தது வைத்தியம் அல்ல, சண்டை. ஒரு மனிதன் பாயில் கிடந்து எழும்ப முடியாமல் தவிக்கும்போது, அவனை எப்படி எழுப்புவது என்பதைவிட, அவன் சொல்வது உண்மையா பொய்யா என்பதே எங்கள் வீட்டாருக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தக் கூத்தில் எனக்கும் ஒரு வேஷம் இருந்தது என்பதால் கொஞ்சம் கூடவே வருகிறது.

சின்ன மாமா என் உம்மாவின் கடைசித் தம்பி. புத்தளம் பக்கத்துக் கனமூலையில் எங்கள் வீட்டிலேயே வளர்ந்து, வாப்பாவின் லொறியிலேயே வேலைக்கும் சேர்ந்தவர். கண்டக்குழிப் பக்கத் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு வரும் லொறி அது. யுத்தம் முடிந்து பாதைகள் எல்லாம் திறந்து, சாமான் போக்குவரத்து கூடியிருந்த காலம். மற்றவர்கள் ஒரு மூட்டையைத் தூக்க இரண்டு தரம் மூச்சு விடுவார்கள். சின்ன மாமா இரண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாட்டும் படிப்பார். இருபத்து நான்கு வயது. அவரை விழுத்த வேண்டுமானால் மாடுதான் முட்ட வேண்டும் என்று உம்மா பெருமையாகச் சொல்வார்.

பலசாலி என்ற பேரோடு அவருக்கு இன்னொரு பேரும் இருந்தது. சின்ன வயதில் ஒரு நாள் குர்ஆன் ஓதப் போகப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாம்பு கடித்துவிட்டது என்று கத்தியிருக்கிறார். பள்ளிவாசல் லெப்பை ஓடி வந்து ஓதி, ஊரே கூடி, கடைசியில் துணியை அவிழ்த்துப் பார்த்தால் காலில் ஒரு கீறலும் இல்லை. அந்தக் கதையை ஊர் மறக்கவில்லை. ஊர் மறந்தாலும் வாப்பா மறந்திருக்க மாட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில்தான் அது முதல் முதல் நடந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணச் சாப்பாடு தனித்தனித் தட்டில் கிடையாது. சஹன் என்ற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, இறைச்சியை நடுவில் வைத்து, ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். சின்ன மாமா இருக்கும் சஹனில் உட்கார மற்ற ஐந்து பேரும் யோசிப்பார்கள். அன்றும் அவர் நன்றாகச் சாப்பிட்டார். கடைசியில் வந்த இனிப்பு வட்டிலப்பத்தைக் கிண்ணத்தோடு வழித்தார். மறுநாள் விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு லொறி கிளம்ப வேண்டும். வாப்பா கூப்பிட்டார், ஆள் வரவில்லை.

"மச்சான், எனக்குக் கால் ரெண்டும் வரல்ல."

வாப்பா வாசலில் நின்றபடி, "பாம்பு கடிச்சதா?" என்று கேட்டார்.

"இல்ல மச்சான், அல்லாஹ்க்காக, அசைக்க ஏலாமக் கிடக்கு."

வாப்பா குனிந்து அவருடைய தொடையில் நன்றாக ஒரு கிள்ளுக் கிள்ளினார். சின்ன மாமா வீடு அதிரக் கத்தினார். அந்தக் கத்தல்தான் அவருக்கு வினையாகப் போனது.

"நோகுதா?"

"நோகாம என்ன!"

"கிள்ளினா நோகுது. அப்ப கால் உசிரோடதான் கிடக்கு. உசிருள்ள காலுக்கு எழும்ப என்ன கஷ்டம்? பாத்தியா ஒண்ட தம்பிட நடிப்ப!" என்று வாப்பா உம்மாவின் பக்கம் திரும்பினார்.

அன்றிலிருந்து கிள்ளுவது எங்கள் வீட்டில் ஒரு பரிசோதனை ஆகிவிட்டது. வந்தவர் போனவர் எல்லாம் கிள்ளிப் பார்த்தார்கள். நானும் கிள்ளினேன், பொய் சொல்லக் கூடாது. கால் மரத்துப் போயிருந்தால் நம்பியிருப்பார்கள். வலி தெரிகிற கால் எப்படி அசையாமல் கிடக்கும் என்பது ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

மூன்று பேர் சேர்ந்து தூக்கி அவரை முச்சக்கர வண்டியில் திணித்து, பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நம்பர் துண்டு எடுக்க வரிசை, டொக்டருக்கு வரிசை. சின்ன மாமாவை வாங்கில் படுக்க வைத்துவிட்டு வாப்பா இரண்டு வரிசையிலும் மாறி மாறி நின்றார். எங்கள் முறை வந்து, டொக்டர் "நோயாளி எங்கே?" என்று கேட்ட நேரம், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் ஒன்றுக்குப் போய்விட்டுத் தன் பாட்டில் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"வந்திட்டு மச்சான், கால் வந்திட்டு!" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். பெருநாளுக்குப் பிறை கண்டவர் போல அவருக்குச் சந்தோஷம். வாப்பாவின் முகத்தை அவர் பார்த்திருக்க வேண்டும். டொக்டர் காலைத் தட்டிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார், வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நடந்து வருகிற ஆளுக்கு நடக்க முடியாத நோய், வருத்தம் என்றால் யார்தான் என்ன எழுதுவார்கள்?

பிறகு அது மாதத்துக்கு ஒரு தரம், இரண்டு தரம் என்று வரத் தொடங்கியது. ஒவ்வொரு தரமும் ஒரே கதை. விடியும்போது கால் வராது, சில நாட்களில் கையும் கனக்கும். தூக்குவார்கள், திணிப்பார்கள், ஆஸ்பத்திரி வாசலைக் காணும்போது அவர் மெதுவாகக் கால் விரலை ஆட்டுவார். முச்சக்கர வண்டிக்காரர் மூன்றாம் தரம் வந்தபோது, "எழும்புற நேரத்தச் சென்னா, அதுக்குப் பொறவு வாரன். சும்மா ஏத்தி எறக்கி என்ட முதுகும் போகுது" என்று சொல்லிவிட்டார். சின்ன மாமாவும் அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் இரண்டொரு பேராவது நம்பியிருப்பார்கள்.

வைத்தியத்துக்குக் குறைவிருக்கவில்லை. பரிசாரியார் வாதம் என்று எண்ணெய் கொடுத்தார். வீடு முழுக்க நாறியது. லெப்பை, புளியமரத்தடியில் ஒன்றுக்கிருந்தபோது ஜின் பிடித்திருக்கிறது என்று தண்ணீர் ஓதிக் கொடுத்தார். பக்கத்தில் எங்கேயும் புளியமரம் இல்லையே என்று கேட்ட உம்மாவை, எதிர்க் கதை பேசுகிறாள் என்று வாப்பாவே அடக்கினார். சின்ன மாமாவுக்குக் கல்யாணம் பேசியிருப்பதைக் கேட்ட இன்னொரு டொக்டர், கல்யாணப் பயமாக இருக்கும், மனதுக்கு மருந்து வேண்டும் என்றார். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், வருத்தம் எப்படியும் உச்சி வேளைக்குள் தானாக இறங்கிவிடும். இறங்கும் நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தாரோ அவருக்குப் புகழ். எண்ணெய்க்காரர் இருந்த நாளில் எண்ணெய் கேட்டது. லெப்பை இருந்த நாளில் ஜின் ஓடியது.

என் குளுக்கோஸுக்கும் அப்படித்தான் பேர் வந்தது. களைத்தவனுக்குக் குளுக்கோஸ் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நோன்பு திறந்தால் குளுக்கோஸ், காய்ச்சலுக்குக் குளுக்கோஸ், பரீட்சைக்குக் குளுக்கோஸ். பச்சைப் பெட்டியை உம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார். சின்ன மாமா விழுந்த காலையில் எல்லாரும் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்து, கிளாஸில் கரைத்து, அவருடைய தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைப்பது என் வேலை. நானாக எடுத்துக்கொண்ட வேலை அது. சண்டை நடக்கும் அந்த நேரத்தில் அவருக்கு ஏதாவது கொடுத்த ஒரே ஆள் நான்தான். "என்ட டொக்டர் வந்திட்டா" என்பார். நான் கரண்டியை நக்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரம் செல்லும், அதிக நேரமும் செல்லும், ஆனால் கடைசியில் எழும்புவார். அப்படியானால் எழுப்பியது யார்? எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

வேறு சில விஷயங்களும் நடந்துகொண்டிருந்தன. சின்ன மாமா மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார், ஆனால் மெலிந்துகொண்டே போனார். சாரம் இடுப்பில் நிற்கவில்லை. சாரத்துக்கு மேலே கட்டும் அகலமான பச்சை வாரில் உம்மா ஆணியைச் சுட்டு ஒரு புது ஓட்டை போட்டார். இரண்டு மாதத்தில் இன்னொன்று, பிறகு மூன்றாவது. தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்தால் அவருடைய கை நடுங்கிச் சாசரில் சத்தம் கேட்கும். மார்கழிக் காற்றிலும் வேர்த்து ஒழுகும். இதற்கெல்லாம் வீட்டில் ஒரே விளக்கம்தான் இருந்தது. மாப்பிள்ளை பெண்ணை நினைத்து உருகுகிறார்!

பெண் புத்தளத்தில் இருந்தார். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து வந்து, முகாமிலும் பிறகு வீட்டிலுமாக அங்கேயே வளர்ந்தவர். அந்தக் குடும்பம் இப்போது மன்னாருக்குத் திரும்பிப் போகும் ஏற்பாட்டில் இருந்தது. போவதற்கு முன்னால் நிக்காஹ் முடிய வேண்டும் என்பது பேச்சு. அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளை வேலைக்குப் போகாமல் காலைகளில் நடிக்கிறாராம் என்ற கதை அவர்களுடைய காதுக்கும் போய்விட்டது. பெண்ணின் நானா, அதாவது மூத்த அண்ணன், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து நேரில் பார்ப்பதாகச் செய்தி அனுப்பினார். சின்ன மாமா அன்று முழுக்கச் சிரிக்கவில்லை. "வருத்தக்காரன் எண்டு செல்லி வேணாமெண்டா போகட்டும் ராத்தா. கள்ளன் எண்டு செல்லி வேணாமெண்டா நான் எப்பிடித் தாங்குற?" என்று உம்மாவிடம் கேட்டார். உம்மா அழுதார்.

அழுது முடித்த உம்மா யோசித்தார். உம்மா யோசித்தால்தான் பயம். எப்போதெல்லாம் இது வருகிறது என்று விரல் விட்டு எண்ணினார். அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள், பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்கு மறுநாள், பெருநாளைக்கு மறுநாள். நன்றாகச் சாப்பிட்ட இரவுக்கு மறுநாள்தான் கால் போகிறது! இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் என் உம்மாதான். அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நான் அவரைப் பெரிய வைத்தியர் என்று எழுதியிருப்பேன். ஆனால் அவர் அதற்குச் சொன்ன காரணம் கண்ணூறு. ஒரே சஹனில் உட்கார்ந்து என் தம்பி சாப்பிடுவதைப் பார்த்து வெளி ஆட்கள் கண் வைக்கிறார்கள், அந்தக் கண்தான் காலைப் பிடிக்கிறது என்றார். வாப்பா முதல் தடவையாக உம்மாவின் கதையில் நியாயம் இருக்கிறது என்று தலையாட்டினார். இவ்வளவு கிட்ட வந்துவிட்டு இப்படி வழுக்கி விழ எங்கள் வீட்டாரால்தான் முடியும்.

கண்ணூறு கழிய, வியாழக்கிழமை பின்னேரம் வீட்டில் நபி புகழ் பாடும் மௌலூது ஓதிக் கந்தூரி கொடுப்பது என்று முடிவானது. சஹனில் வெளி ஆள் ஒருவரும் உட்காரக் கூடாது. வாப்பா, சின்ன மாமா, சொந்தக்காரர் நான்கு பேர், அவ்வளவுதான். யாருடைய கண்ணும் படாத சோறு என்பதால் சின்ன மாமாவை வயிறு முட்டச் சாப்பிட வைத்தார்கள். அவரும் அன்று பகல் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வந்த பசியில் சாப்பிட்டார். நெய்ச் சோறு, அதற்கு மேல் சீனிச் சோறு, வட்டிலப்பம் இரண்டு கிண்ணம். உம்மா பக்கத்தில் நின்று, "சாப்புடு தம்பி, இது நம்மட ஊடு" என்று அள்ளி அள்ளி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் பெண்ணின் நானா தன்னுடைய வேனில் வந்து இறங்கியபோது, சின்ன மாமாவுக்குக் கால் மட்டுமல்ல, கையும் இல்லை. கழுத்தைக்கூடத் தூக்க முடியவில்லை. முகம் மட்டும் வேர்த்துக்கொண்டிருந்தது. வாப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. "இண்டைக்குமா? இந்த நாளப் பாத்தா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பெண்ணின் நானா பேசாத மனிதர். உள்ளே வந்தார், பார்த்தார், தன் பங்குக்கு அவரும் ஒரு கிள்ளுக் கிள்ளினார். சின்ன மாமா கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்தது. "வேன்ல ஏத்துங்க" என்றார் பெண்ணின் நானா. "சின்ன ஆஸ்பத்திரி வேணாம், நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே போவம். மெய்யா பொய்யா எண்டு இண்டைக்கே தெரியட்டும்."

அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகு நான் சும்மா இருப்பேனா? வழக்கமாக மூன்று கரண்டி போடுவேன். அன்று ஆறு போட்டேன். ஒரு கிளாஸ் வீட்டிலேயே கொடுத்தேன், ஸ்ட்ரோ வைத்துக் குடித்தார். இன்னும் ஆறு கரண்டியை என் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தலில் கரைத்து எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே உம்மாவுக்குப் பின்னால் வேனில் ஏறிக்கொண்டேன்.

புத்தளத்துக்குப் போகும் வழியில் புகையிரதக் கடவை மூடியிருந்தது. அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை ரயில் ஓடுகிறது என்று கையை மடக்கி எண்ணிவிடலாம். அதில் ஒன்று அந்த நேரம்தான் வர வேண்டுமா? வாப்பா இறங்கிக் கடவைக்காரரோடு சண்டை பிடித்தார். வேன் சட்டி போலச் சுட்டது. சின்ன மாமா வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் போத்தலில் ஸ்ட்ரோவைப் போட்டு அவருடைய வாயில் வைத்தேன். முழுவதையும் குடித்து முடித்தார். ரயில் போனது, கடவை திறந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் அவர் கால் விரலை ஆட்டுவார். நான் விரலையே பார்த்துக்கொண்டு போனேன். விரல் ஆடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். இளம் வயது, நித்திரை இல்லாத முகம். வாப்பா, ஒவ்வொரு தரமும் வழியிலேயே எழும்பிவிடுகிற கள்ளம் என்றார், உம்மா கண்ணூறு என்றார், பெண்ணின் நானா மெய்யா பொய்யா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"எல்லாரும் ஒண்டாக் கதைச்சா எனக்கென்ன விளங்கும்? ஒராள் கதையுங்கோ. இல்லாட்டி ஒருத்தரும் கதைக்க வேண்டாம்" என்று டொக்டர் சத்தம் போட்டார்.

அவர் கிள்ளவில்லை. சின்ன சுத்தியலால் முழங்காலில் தட்டினார், கால் துள்ளவில்லை. கையைத் தூக்கிவிட்டார், அது தொப்பென்று விழுந்தது. நாடியைப் பிடித்தவர் நிமிர்ந்து அவருடைய கழுத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பிறகு டொக்டரின் பார்வை சின்ன மாமாவின் இடுப்பில் நின்றது.

"இந்த வாரில என்னத்துக்கு இவ்வளவு ஓட்டை?"

உம்மா பயந்துகொண்டு சொன்னார். ஒரு வருஷமாக மெலிகிறார், ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறார் என்றார். கை நடுங்குமா என்று டொக்டர் கேட்டார். நடுங்கும். வேர்க்குமா? வேர்க்கும். நேற்று என்ன வேலை செய்தார், இரவு என்ன சாப்பிட்டார்? உம்மா நெய்ச் சோற்றில் தொடங்கி வட்டிலப்பத்தில் முடித்தார். டொக்டர் கேட்டுக்கொண்டே இரத்தம் எடுத்தார், நெஞ்சில் வயர்களை ஒட்டி மிஷினில் கடதாசி இழுத்தார். அந்தக் கடதாசியைப் பார்த்ததும் தாதியைக் கூப்பிட்டு வேகமாக ஏதோ சொன்னார். ஆட்கள் ஓடினார்கள்.

இரத்தத்தின் பதில் வந்த பிறகு டொக்டர் எங்களிடம் வந்து நின்று சொன்னார். உடம்பில் பொட்டாசியம் என்று ஒரு உப்பு இருக்கிறது, தசை வேலை செய்வதற்கு அது வேண்டும். கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால், சில ஆட்களுக்கு, அதுவும் பெரும்பாலும் இளம் ஆம்பிளைகளுக்கு, அந்த உப்பு திடீரென்று இரத்தத்தை விட்டுத் தசைக்குள் போய் ஒளித்துக்கொள்ளும். அப்போது கை கால் விழுந்துவிடும். நோவு தெரியும், அசைக்க முடியாது. பிறகு உப்பு தானாகத் திரும்பி வரும், ஆள் எழும்பி நடப்பார். கடுமையாக வேலை செய்துவிட்டுப் படுத்தால் வரும். வயிறு முட்டச் சோறும் இனிப்பும் சாப்பிட்டால் வரும்.

"அரிதான வருத்தம். அதோட எழும்பி நடந்த பிறகு இரத்தம் எடுத்தா ஒண்டும் தெரியாது. விழுந்து கிடக்கேக்கையே கொண்டு வந்தபடியால்தான் பிடிபட்டது" என்றார். பிறகு வாப்பாவைப் பார்த்து, "இவர் நடிக்கேல்லை. ஒரு நாளும் நடிக்கேல்லை" என்றார்.

கட்டிலில் கிடந்த சின்ன மாமா ஓவென்று அழுதார். கண்ணைத் துடைக்கக் கை வராததால் தாதி துடைத்துவிட்டார். பெண்ணின் நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வருத்தமெண்டா மருந்து குடுப்பம். கள்ளமெண்டாத்தான் பொண்ணு குடுக்கேலாது" என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிறது என்று வெளியே போனார். வாப்பா கட்டிலுக்குக் கிட்டப் போய், தான் கிள்ளிய இடத்தில் சாரத்துக்கு மேலாகக் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

டொக்டர் எழுதத் தொடங்கினார். திடீரென்று நிமிர்ந்து, "மற்ற நாளெல்லாம் வழியிலேயே எழும்பினவர், இண்டைக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்? வரேக்க ஏதும் குடுத்தனீங்களோ?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன். "நான் குடுத்த!" என்று போத்தலைத் தூக்கிக் காட்டினேன். "குளுக்கோஸ். ஒவ்வொரு நாளும் நான்தான் குடுக்கிற. இண்டைக்கு ரெண்டு தரம்!"

டொக்டர் போத்தலைப் பார்த்தார். "எத்தினை கரண்டி போட்டனீங்கள், பிள்ளை?"

"ஆறு. ரெண்டு தரமும் ஆறு."

அவர் அதைக் கடதாசியில் எழுதினார். எழுதிக்கொண்டே உம்மாவின் பக்கம் திரும்பி, "இன்னுமொரு கிளாஸ் குடுத்திருந்தா..." என்று தொடங்கியவர், நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதைக் கண்டு நிறுத்தினார். பேனாவை மூடினார். என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நிறுத்திய வசனத்தை நானே முடித்துக்கொண்டேன். இன்னுமொரு கிளாஸ் கொடுத்திருந்தால் சின்ன மாமா வழியிலேயே எழும்பியிருப்பார். அதைத்தானே சொல்ல வந்திருப்பார்? மூன்றாவது கிளாஸுக்குப் பெட்டியைக் கையோடு கொண்டு வராமல் விட்டேனே என்று அன்றிரவு படுத்துக் கிடந்து கவலைப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஓதப் போனபோது, டொக்டர் என்னுடைய குளுக்கோஸைப் பெரிய ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார் என்று எல்லாரிடமும் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இனிப்புத் தண்ணீர்தான் இரத்தத்தில் மிச்சம் இருந்த உப்பையும் தசைக்குள் தள்ளிவிடும், அந்த வருத்தக்காரனுக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை, உப்பு இன்னும் இறங்கியிருந்தால் நெஞ்சே நின்றிருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரிய எத்தனையோ வருஷம் சென்றது. மாதா மாதம் அவரை அதிக நேரம் பாயில் போட்டு வைத்தது நான்தான். கடைசி நாளில், டொக்டர் பார்க்கும்வரை எழும்பாமல் வைத்திருந்து வருத்தத்தைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். இரண்டாவதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ளலாம். தேற்றிக்கொண்டுதான் பார்க்கிறேன். நடு வழியில் முதலாவது வந்து மறிக்கிறது.

சின்ன மாமா உப்பு மருந்து குடித்து, அன்று பின்னேரமே எழும்பி உட்கார்ந்தார். சில நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, தைரொயிட் மாத்திரையும், சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடும், மாதா மாதம் கிளினிக் புத்தகமுமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். வாப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. புதுப் பச்சை வார் ஒன்று வாங்கி வந்து சின்ன மாமாவின் பாயின் மேல் வைத்துவிட்டு, பாரமான மூட்டைகளைத் தூக்குவதற்கு வேறு ஆளைப் பிடித்தார். நிக்காஹ் சில மாதம் பிந்தி நடந்தது. அந்தச் சஹனில் மாப்பிள்ளை மூன்று பிடி சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார். ஊர் அதையும் நடிப்பு என்றது.

நிக்காஹுக்கு முந்திய அந்த மாதங்களில் ஒரு நாள், உம்மா குளுக்கோஸ் பெட்டியை வீச எடுத்தார். சின்ன மாமாதான் தடுத்தார். "வைங்க ராத்தா. புள்ள கரைச்சுத் தரட்டும்" என்று அவர் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வருத்தம் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று, ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போக முன்னர் ஒரு கிளாஸ் கரைத்து அவருடைய கையில் கொடுப்பேன். பழையபடி, "என்ட டொக்டர் வந்திட்டா" என்பார். கிளாஸை வாங்கிக்கொண்டு, முற்றத்தில் கிடக்கும் செருப்பை எடுத்து வரச் சொல்வார், இல்லாவிட்டால் லொறி வந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்வார். நான் ஓடிப் போய்த் திரும்பி வருவதற்குள் கிளாஸ் வெறுமையாக இருக்கும். யன்னலோரம் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அந்த யன்னலுக்கு வெளியே ஒரு கொய்யாமரம் நின்றது. அந்த வருஷம் அதன் அடியில் என்றும் இல்லாத அளவுக்கு எறும்பு மொய்த்தது. பழம் பொறுக்கப் போனால் காலைக் கடித்துப் பிடுங்கியது. எனக்கு அப்படி எரிச்சல் வந்தது! உம்மாவிடம் சொல்லி எறும்புத் தூள் வாங்குவித்து, நானே குந்தியிருந்து மரத்தைச் சுற்றித் தூவினேன். சின்ன மாமா யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் எறும்பு மறுபடியும் வந்துவிட்டது.